சாவி யாரிடம்?

பழவேற்காட்டு ஏரியோரக் குப்பங்களில் கல்வெட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. கறுப்பு கிரானைட் பலகையில் பொன்னிற எழுத்தில் திறந்து வைத்தவர், தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். சமுதாயக்கூடம், வலை பின்னும் கூடம், மீன் ஏலக்கூடம், புயல் பாதுகாப்பு மையம் என்று எதன் வாசலில் நின்றாலும் முதலில் அந்தப் பலகைதான் நம்மை வரவேற்கும். பழைய ஆபீஸ் பழக்கத்தில் நான் ஒன்று விடாமல் படித்துவிடுவேன். ஒரே ஒரு பெயரை மட்டும் எந்தப் பலகையிலும் பார்த்ததில்லை. இந்தக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடி ஏறிக் குப்பை அள்ளுவது யார்? கல்லில் வெட்ட வேண்டாம், ஏதாவது ஒரு காகிதத்திலாவது அந்தப் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பார்த்துக்கொள்ள ஆள் போடாமல் இந்தக் கரையில் இனி ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. கட்டடத்துக்கான அரசாணையும் அதைப் பராமரிக்கும் ஆளுக்கான ஆணையும் ஒரே நாளில், ஒரே காகிதத்தில் வர வேண்டும். முடியாது என்றால் அந்தப் பணத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். அவர்களாவது வலை வாங்குவார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பெரும்பாலும் கட்டட வேலைகளின் பில்களையே புரட்டி, 2009-ல் ஓய்வு பெற்றவன். மகள் பொன்னேரியில் குடியேறியதால் நானும் என் மனைவியும் அங்கே வந்து சேர்ந்தோம். சுனாமிக்குப் பிறகு ஏரிக்கரையில் கட்டடங்கள் எழுப்பிய ஒரு தொண்டு நிறுவனம் (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான்) 'கட்டட, உபகரணப் பராமரிப்பு மேற்பார்வையாளர்' வேலைக்கு ஆள் தேடியது. தொகுப்பூதியம் மாதம் ஏழாயிரம். 2010 தொடக்கம் முதல் 2013 வரை அந்த வேலையைப் பார்த்தேன். நான்கு குப்பங்களில் ஆறு கட்டடங்கள், இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள், ஒரு குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், மீன் வைக்கும் குளிர்பெட்டிகள், சோலார் தெருவிளக்குகள், ஒரு மைக் செட். இவ்வளவும் என் பொறுப்பு. நான்கில் ஒரு ஊருக்குப் படகு ஏறித்தான் போக வேண்டும்.

நான் இன்ஜினியர் இல்லை. அந்த வேலைக்கு இன்ஜினியர் தேவையும் இல்லை. ஒரே கட்டடத்தை ஒரே ஆள் வாராவாரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சென்ற வாரம் இல்லாத கறை இந்த வாரம் சுவரில் இருந்தால் அவன் கண்ணில் பட்டுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து இறங்கும் பெரிய நிபுணருக்கு அது தெரியாது. அவருக்கு அந்தச் சுவரின் பழைய முகமே தெரியாதே!

இந்தக் கரையில் பராமரிப்பு என்றாலே உப்போடு மல்லுக்கட்டுவதுதான். கடல் ஒரு பக்கம், உப்பங்கழி ஒரு பக்கம், நடுவில் மணல்திட்டு, அதன்மேல் ஊர். காற்றிலேயே உப்பு வருகிறது. கதவுக் கீல், ஜன்னல் கம்பி, ஸ்விட்ச் போர்டின் திருகு, ஜெனரேட்டரின் பேனல், எல்லாவற்றையும் ராத்திரி பகலாகத் தின்கிறது. கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு ஆரம்பிக்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்தே நெம்பிக் காரையை வெளியே தள்ளும். அதனால்தான் ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, 2000-ம் ஆண்டுப் பதிப்பில், மிதமான சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் போதும் என்று சொல்லிவிட்டு, கடலோரச் சூழலுக்கு 45 என்கிறது. கடல்நீர் தெறிக்கிற இடமென்றால் 50. மேஸ்திரிகளுக்கு இது தெரியாமலில்லை. ஆனால் கவர் பிளாக் வைக்காமல், கம்பியைச் சென்ட்ரிங் பலகை மேலேயே கிடத்திக் கான்கிரீட் கொட்டுவதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். திறப்பு விழா அன்று அது யார் கண்ணுக்கும் தெரியாது. நாலாம் வருடம் சீலிங்கில் கம்பி ஓடுகிற வரிசையிலேயே மயிரிழை விரிசல் தெரியும். அப்போதே பார்த்தால் ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், இரண்டு நாள் கூலி, துரு தடுக்கும் பூச்சு ஒரு டப்பா போதும், கேட்டை ஓரளவு பிடித்து நிறுத்தலாம். பத்தாம் வருடம் போனால் கம்பி எலும்பு மாதிரி வெளியே தொங்கும். அதற்குள் 'இடிக்கத் தகுந்தது' என்று ஒரு சான்றிதழ் தயாராகிவிடும். இடித்தால் புதிதாகக் கட்டலாம், புதிதாகக் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம்.

மொட்டைமாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் நான்கு அங்குலம்தான். அதில் காக்காய்க்கூடு, பிளாஸ்டிக் பை, வேப்பஞ்சருகு, அறுந்த வலைத்துண்டு, ஒருமுறை ஒரு குழந்தையின் செருப்பு. அது அடைத்துக்கொண்டால் மாடி முழுக்கக் குளம். அந்த எடையும் ஈரமும் கீழே இறங்கும். நான் பார்த்த ஒழுகல்களில் பாதிக்கு மேல் கான்கிரீட்டின் குற்றமே கிடையாது, இந்த நான்கு அங்குலத்தின் குற்றம். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு ஆள் ஒரு கூடையோடு மாடியேறினால் தீர்ந்தது. அந்த அரை மணி நேர வேலைக்கு நம் நிர்வாகத்தில் ஆள் கிடையாது, பிறகு 'மேற்கூரை சீரமைப்பு' என்று லட்சக்கணக்கில் மதிப்பீடு போட ஆள் உண்டு.

ஜெனரேட்டர் இன்னொரு கதை. ஓடாமல் நிற்கிற ஜெனரேட்டர்தான் கெட்டுப்போகும். பேட்டரி இறங்கும், டர்மினலில் பச்சை பூக்கும், டீசல் பழசாகும். அதனால் சனிக்கிழமை காலையில் பத்து நிமிடம் விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போட்டு லோடோடு ஓடவிடுவேன். டர்மினலைச் சுத்தம் செய்து வாசலைன் தடவுவேன், நோட்டில் தேதி போடுவேன். புயல் பாதுகாப்புக்கு என்று கட்டிய கூடத்துக்கு எதிர்வீட்டில் ஒரு அம்மா இருந்தார். மீன் கூடை தூக்குகிறவர். வாராவாரம் வாசலில் நின்று பார்ப்பார். ஒரு மாற்றுச்சாவியை அவரிடம் கொடுத்து வைத்தேன். 2010 நவம்பர் 7-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஜல் புயல் சென்னைக்கு வடக்கே கரை கடந்த இரவு, நான் பொன்னேரியில் மாட்டிக்கொண்டேன். கரண்ட் போனதும் போன் செய்தேன். அவர் சொன்னது: "ஐயா, நீங்க இந்த மழைல வர வேணாம். நான் ஓட விட்டுட்டேன். கொழந்த குட்டிங்கள்லாம் உள்ளதான் கீது." அறுபது எழுபது பேர் அன்று அந்த விளக்கின் கீழே படுத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குச் சம்பளமும் கிடையாது, பதவிப் பெயரும் கிடையாது.

2013-ல் 'திட்டக் காலம்' முடிந்தது. திட்டத்துக்குத்தான் காலம் உண்டே தவிரக் கட்டடத்துக்கு ஏது? சாவிகளையெல்லாம் ஒரு பழுப்புக் கவரில் போட்டு, ஒப்படைப்புச் சான்று மூன்று பிரதிகளில் கையெழுத்தாகி, மேலே ஒரு அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கிருந்து இன்னொன்றுக்குப் போனதாகக் கேள்வி. எதிர்வீட்டு அம்மாவின் மாற்றுச்சாவியையும் "அனுமதியில்லாத நபர்" என்று வாங்கிக்கொண்டார்கள்.

2016 டிசம்பர் 12 வர்தா புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அன்று அந்தக் கூடத்தின் பூட்டை உடைத்துத்தான் ஜனங்கள் உள்ளே போனார்கள். ஜெனரேட்டரின் பேட்டரி செத்துப் பல காலம் ஆகியிருந்தது. ஆஸ்துமா உள்ள பெரியவர் ஒருவருக்கு மருந்துப் புகை வைக்கும் கருவி கையில் இருந்தும், மாட்டுவதற்குக் கரண்ட் இல்லை. அந்தக் காற்றில் எந்தப் படகும் எடுக்க முடியாது. விடிய விடிய முறைபோட்டுப் பனையோலை விசிறியால் விசிறினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அதனால் அது செய்தியாகவில்லை, விசாரணையும் வரவில்லை. அந்த ஜெனரேட்டரின் விலை என் மூன்று வருடச் சம்பளத்தைவிட அதிகம். இரண்டில் எதைக் 'கூடுதல் செலவு' என்று வெட்டினார்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இதைத் தனிப்பட்ட ஒருவரின் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. இதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, கேளுங்கள். அரசுச் செலவு ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கத் தலைப்பு உண்டு. 2 அல்லது 3-ல் தொடங்கினால் வருவாய்ச் செலவு. 4 அல்லது 5-ல் தொடங்கினால் மூலதனச் செலவு. மீன்வளத்துக்கு 2405, 4405. பொதுப்பணிக்கு 2059, 4059. இந்தியா முழுக்க இதே எண்கள்தான். 4405-ல் மீன் இறங்குதளம் கட்டிவிடலாம். அதற்குப் பல்பு மாற்ற, பூட்டு வாங்க, ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க 2-ல் தொடங்கும் தலைப்பில் போய் நிற்க வேண்டும். 4-க்குப் பந்தல் உண்டு, நாதஸ்வரம் உண்டு, பத்திரிகையில் படம் உண்டு. 2-க்கு வருட முடிவில் கத்தரிக்கோல்தான். பற்றாக்குறை என்றதும் முதலில் கை வைப்பது பராமரிப்பில். டெலிவிஷனில் உட்கார்ந்து பேசும் பொருளாதார அறிஞர்களும் மூலதனச் செலவு கூடினால் வளர்ச்சி என்று கைதட்டுகிறார்கள். கூரைக்கு வருடாவருடம் தார் பூசினால் அது வருவாய்ச் செலவு, சுமை. பூசாமல் விட்டுக் கூரை விழுந்து புதிதாகப் போட்டால் மூலதனச் செலவு, வளர்ச்சி! என் சர்வீஸ் முழுக்க இந்த வேடிக்கையை டைப் அடித்தேன்.

எந்தக் கட்சி ஆட்சி என்று இதில் பேதமில்லை. இரண்டு பக்கத்துப் பெயரும் அந்தப் பலகைகளில் இருக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், பொதுப்பணித் துறைக்கு அந்தக் காலத்தில் மராமத்து இலாகா என்று பெயர். மராமத்து என்றால் பழுது பார்ப்பது. அரபிலிருந்து உருது வழியாக வந்த சொல். பெயரைத் தமிழாக்கியது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழுது பார்ப்பது என்ற அர்த்தம் அந்தப் பெயரைவிட்டே போய்விட்டது. ஏரி, வாய்க்காலை ஊரார் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் குடிமராமத்தில் மட்டும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. 2017-ல் தமிழக அரசு அதைத் தூசி தட்டித் திட்டமாக்கியது. வருடாவருடம் செய்ய வேண்டிய வேலை திட்டமானதும் அதற்கும் ஒப்பந்தம், பில், முடிவுத் தேதி எல்லாம் வந்துவிடுகிறது.

நான் படித்த பிரெஞ்சில் பராமரிப்புக்கு 'ஆந்த்ரெத்தியேன்' என்பார்கள். அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் உரையாடல். நேர்காணலுக்கும் அந்தச் சொல்தான். எங்கள் வாத்தியார் டிக்டேஷன் போடும்போது இரண்டு அர்த்தத்திலும் வாக்கியம் கொடுத்துக் குழப்புவார். பதினொரு வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அறுபது வயதில், படகில் உட்கார்ந்து அந்த மணல்திட்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விளங்கிற்று. மோட்டார் ஓடும் சத்தம் போன வாரம் மாதிரி இல்லையே என்று குடிநீர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று காது கொடுப்பதும், தண்ணீர் பிடிக்க வந்த பெண்களிடம் "ருசி மாறியிருக்காம்மா?" என்று கேட்பதும் ஒரே வேலைதான்.

நம்மிடமும் இது இல்லாமலில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோவிலுக்குக் குடமுழுக்கு செய்கிறோம். பக்தியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு மேற்பார்வையாளன் கண்ணால் பாருங்கள். சாமியைப் பாலாலயத்துக்கு மாற்றுகிறார்கள், கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குகிறார்கள், சுதை உடைந்ததைச் சேர்க்கிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள், பீடத்தில் அஷ்டபந்தன மருந்து புதிதாகச் சாத்துகிறார்கள். சுத்தமான பராமரிப்பு அட்டவணை! தவறவிட்டால் ஊருக்கு ஆகாது என்று பயமும் காட்டி வைத்தார்கள். பழவேற்காட்டு மகிமை மாதா கோவில் 1515-ல் தொடங்கியது என்கிறார்கள். திருவிழா வருகிறதென்றால் அங்கேயும் சுண்ணாம்பும் பெயின்டும் தானாக வந்துவிடும். குப்பத்து அம்மன் கோவிலிலும் ஆடி மாதத்துக்கு முன்னால் யாரும் மதிப்பீடு கேட்பதில்லை. சாவி யாரிடம் என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தைகூடக் கை காட்டும்.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை அவர்களுடைய சோழமண்டலக் கரைக்கே அதுதான் தலைமையிடம். கோட்டை போய்விட்டது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுற்றுச்சுவர் உண்டு, கதவு உண்டு, பூட்டு உண்டு, கேட்டால் திறந்துவிட ஆள் உண்டு. முன்னூறு வருடத்துக்கு முன் செத்துப்போன வெள்ளைக்காரர்களுக்கு இருக்கிற காவலாள், உயிரோடு இருக்கும் மீனவர்கள் புயலுக்கு ஒதுங்கும் கூடத்துக்கு இல்லை. கல்லறையைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதையும் பாருங்கள் என்கிறேன். கலங்கரை விளக்கமும் அப்படித்தான். 1859-ல் இருந்து இங்கே விளக்கு இருக்கிறது, ஊருக்கே லைட்ஹவுஸ் குப்பம் என்று பெயர் வந்துவிட்டது. விளக்கு எரியவில்லை என்றால் யாரைக் கேட்பது என்பது தெளிவு. அதனால் எரிகிறது.

ஆள் போடச் சொன்னால் உடனே நான்கு பதில்கள் வரும். எல்லாவற்றையும் நான் ஆபீஸிலும் கேட்டிருக்கிறேன், கரையிலும் கேட்டிருக்கிறேன்.

பணமில்லை என்பது முதல் பதில். ஒரு பேச்சுக்கு, ஒரு கோடி ரூபாயில் ஒரு கூடம் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் பன்னிரண்டாயிரம், சில்லறைச் செலவுக்கு மூவாயிரம். வருடத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம், நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இதே ஆள் பக்கத்து ஊர்க் கூடத்தையும் பார்த்தால் ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். இதற்குக்கூட வழியில்லாதவர்கள் ஒரு கோடிக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்?

இரண்டாவது, வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம் என்பார்கள். அதையும் பார்த்தேன். சென்னையிலிருந்து ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வருவான். பாவம், அவனுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து இடம். கவரைக் கழற்றி, மாட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கிப் போய்விடுவான். புயல் எச்சரிக்கை வந்தால் அவனால் வரவே முடியாது, அவன் வீட்டிலேயே தண்ணீர் நிற்கும்.

மூன்றாவது, ஊராட்சியிடம் ஒப்படைத்துவிட்டோம். கட்டடத்தை ஒப்படைத்தீர்கள், அதற்குப் பணத்தை ஒப்படைத்தீர்களா? மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது ஒரு பாயாவது கொடுத்து அனுப்புகிறோம்.

நான்காவது பதில்தான் என் வயிற்றெரிச்சல். "என்ன செய்து கொடுத்தாலும் இந்த ஜனங்கள் உடைத்துவிடுவார்கள் சார்." ஏசி அறையில் உட்கார்ந்து இதைச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஒருநாள் விடியற்காலையில் வந்து கரையில் நிற்கட்டும். உப்புத் தண்ணீரில் போய் வந்த லம்பார்டினி எஞ்சினை இதே ஜனங்கள் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, சாக்குப் போட்டு மூடுவதைப் பார்க்கட்டும். ஃபைபர் படகில் விரிசல் தெரிந்த அன்றே பிசின் வாங்கி ஒட்டுகிறார்கள். வலையில் ஒரு கண் அறுந்தால் அன்றைக்கே உட்கார்ந்து முடிகிறார்கள். ஏரிக்குள் எந்த ஊர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் மூன்று ஊராரும் பாடு முறை வைத்துப் பல தலைமுறையாக நடத்தி வருகிறார்கள். முறை தவறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் பதில் சொல்ல வேண்டும். அதைப் படிக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து போகிறார்கள். இவ்வளவு கட்டுப்பாடு உள்ளவர்களிடம் ஒரு கூடத்தின் சாவியைக் கொடுக்கத் தயக்கமென்றால் கோளாறு அவர்களிடம் இல்லை.

இது குப்பத்துக்கு மட்டும் நேர்வதாக நினைக்க வேண்டாம். என் சொந்த ஊரில், புதுச்சேரிக் கடற்கரையில், மேரி கட்டடம் என்று ஒன்று இருந்தது. 1870-களில் எழும்பியது, பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சி மண்டபம். சிறுவயதில் அதன் தூண்களைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். 2014 நவம்பர் 29-ல் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு உலக வங்கி உதவியோடு சுமார் பதினைந்து கோடி ரூபாயில் அச்சு அசலாகக் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்து வைத்தார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் நடக்கும்போது, விழுவதற்கு முந்தைய இருபது வருடத்தில் மாடியேறிக் குப்பை அள்ள ஒரு ஆள் இருந்திருந்தால் இந்தப் பதினைந்து கோடி எங்கே இருந்திருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. மறுபக்கம் பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-ல் திறந்தது. கடலுக்கு நடுவே உப்புக் காற்றில் இரும்பு. 2022 டிசம்பர் வரை, நூற்றெட்டு வருடம் ரயிலைத் தாங்கியது. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை போய்ச் சேர்வதற்குள் ஆரம்பித்த இடம் துருப்பிடித்துவிடும் என்று சொல்லும்படி, பெயின்ட் அடிக்கும் ஆட்கள் ஓயவே இல்லை. இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்துப் பாலத்தில் நடந்தது வேறு. கடல் காற்று கம்பியைத் தின்கிறது, விடாமல் கவனியுங்கள் என்று அதை வடிவமைத்த மொராண்டியே பல வருடம் முன்னால் எழுதிக்கொடுத்திருந்தார். 2018 ஆகஸ்ட் 14-ல் அது விழுந்து 43 பேர் இறந்தார்கள். பணக்கார தேசம், ஐரோப்பா. அங்கேயும் இதே வியாதிதான்.

இப்போது பழவேற்காட்டில் பெரிய பேச்சு முகத்துவாரம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள வாய் மணல் மூடி மூடி, படகு போக முடியாமல், ஏரியில் மீன் வரத்தும் குறைந்து, ஊர்ப்பணம் போட்டு ஜனங்களே வெட்டிவிட்ட நாட்கள் உண்டு. இருபுறமும் நிரந்தரமாகக் கல் சுவர் போட அரசு சுமார் 27 கோடி ரூபாயில் திட்டம் கொண்டுவந்தது. நல்லது, மீனவர்கள் பல வருடமாகக் கேட்டதுதான். ஆனால் நிரந்தரம் என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குப் பயம். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டே இருக்கும். சென்னைத் துறைமுகத்தைக் கட்டியதும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று, வடக்கே ராயபுரத்தைக் கடல் அரித்தது. நம் பாட்டன் காலத்திலேயே பார்த்த பாடம். சுவர் எழுப்பியதோடு மணல் ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்கப் போகாது. வருடாவருடம் ஆழம் அளக்க வேண்டும், சரிந்த கல்லைத் தூக்கி வைக்க வேண்டும், தேவைப்படும்போது தூர் வார வேண்டும். அதை யார் செய்வது, எந்தத் தலைப்பில், எத்தனை வருடத்துக்கு? இதைக் குப்பத்துக்காரர்கள் கிராமசபையில் கேட்க வேண்டும், எழுத்தில் பதில் வாங்க வேண்டும். இளைஞர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடட்டும். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். எந்தக் கேள்விக்கு நழுவ முடியாது என்பது நழுவ வைத்தே பழகிய எங்களைப் போன்ற எழுத்தர்களுக்குத்தான் தெரியும்.

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்கு ஒரு பராமரிப்பாளர், மூன்று நான்கு ஊருக்கு ஒரு மேற்பார்வையாளர். அந்த ஊரிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும், ஆணோ பெண்ணோ. கையில் சாவி, ஒரு நோட்டு, மூவாயிரம் ரூபாய் நிலை முன்பணம். பத்து ரூபாய் வாஷருக்கு மூன்று கொட்டேஷன் கேட்காத அதிகாரம். மாதம் ஒருமுறை நோட்டை ஊர்ப் பஞ்சாயத்தில் படித்துக் காட்ட வேண்டும். பெயரும் போன் நம்பரும் கட்டடத்தின் வாசலிலேயே, அந்தக் கிரானைட் பலகைக்குப் பக்கத்தில், சாதாரண பெயின்ட்டில் எழுதியிருந்தால் போதும்.

ஆள் கிடைக்குமா என்று யாரும் கவலைப்பட வேண்டாம். படகு எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் பையன்கள் ஒவ்வொரு குப்பத்திலும் நாலு பேர் இருக்கிறார்கள், ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் காட்டுப்பள்ளி, எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்தக் கூலிக்குப் போய் வருகிறார்கள். எதிர்வீட்டு அம்மாவும் இன்னும் இருக்கிறார், முழங்கால் வலிதான். யாராவது அதிகாரி மனது வைத்தால் நியமன ஆணையின் வரைவை நானே டைப் அடித்துத் தருகிறேன். பார்வை எண், பொருள், நகல் பெறுவோர் வரிசை எதுவும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.